ராணிப்பேட்டை வண்டி

ராணிப்பேட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சரித்திரம் படித்தவர்கள், தேசிங்கு ராஜாவோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக ஆற்காட்டு நவாப் ஏற்படுத்திய ஊர் என்பார்கள். வியாபாரிகளுக்கு அது தோல் ஊர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கோ அது வெறும் வாசனை. கைக்குட்டையைத் தேடவைக்கும் வாசனை. அந்த ஊரில் ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் செய்தார்கள் என்று சொன்னால் ராணிப்பேட்டைக்காரர்களே சிலர் சிரிப்பார்கள்.

நான் சிரிக்க மாட்டேன். அந்த வண்டிகளில் ஒன்று பதினேழு வருஷம் என்னிடம் இருந்தது. ஒரு தடவை என்னைக் கீழே தள்ளி, ஒரு நல்ல மனிதரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. "உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் யாராவது தெரியுமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். கேட்டுவிட்டு, பெயரும் விலாசமும் கிடைத்தால் போதும் என்று நிற்பார்கள். நானோ இந்தக் கதை முழுவதையும் சொல்லாமல் விடுவதில்லை. இப்போது நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள்.

கதை இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்ற ஊரில் ஆரம்பிக்கிறது. ஊசி செய்வதற்குப் பெயர் போன ஊர் அது. அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு, என்ஃபீல்டு என்ற இடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து துப்பாக்கி உறுப்புகள் செய்துதரும் ஆர்டர் வந்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு 1893-ல் 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1901-ல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 1949 முதல் அவர்களுடைய புல்லட் நம் நாட்டுக்கு வந்து இறங்கிற்று. எல்லைப்புறத்து மலைப்பாதைகளுக்கு நம் ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிட்ச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஏற்படுத்தின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. முதலில் சீமையிலிருந்து பாகம் பாகமாக வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1967-ல் ரெட்டிட்ச் தொழிற்சாலை மூடிக்கொண்டது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. பிறந்த வீடு இடிந்த பிறகு, புகுந்த வீட்டிலிருந்து சீர் போன கதை!

புல்லட்டைப் பற்றி நம் கதைக்கு வேண்டிய விஷயம் வேறு. அந்தப் பழைய யந்திரத்தில் ஒளிவு மறைவு கிடையாது. வால்வைத் தூக்கும் கம்பியை, யந்திரம் ஆறியிருக்கும்போது இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தாராளமாக உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. பொறி எப்போது பறக்கிறது என்று பார்க்க, பாயின்ட்டுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி மெதுவாக இழுப்பார்கள். தாள் விடுபடுகிற கணம்தான் முகூர்த்தம். படிப்பு வேண்டாம், மீட்டர் வேண்டாம். விரலும் காதும் போதும். தமிழ்நாட்டு ரஸ்தாக்களில் மரத்தடிக்கு மரத்தடி மெக்கானிக்குகள் முளைத்ததற்கு இந்த எளிமை ஒரு முக்கியமான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பரம்பரைக்கு ஆதிபுருஷர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜி. டி. நாயுடுவைத்தான் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் ஜில்லாவில் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். வாலிபத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதன்மேல் பித்தாகி, ஹோட்டலில் பரிமாறி, காசு சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அதையே வாங்கினார். வாங்கியவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டினார். பள்ளிக்கூடம் சுகப்படாத மனிதர் அவர். அந்த வண்டிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் பாஸ் செய்தது அந்த ஒரே பரீட்சையில்தான்: பிரி, பூட்டு, ஓடினால் தேறினாய்.

இந்தப் படிப்பில் ஒரு கோளாறு உண்டு. ஓடினால் தேறினாய் என்பது யந்திரத்துக்குச் சரி. நிற்க வேண்டிய விஷயத்தில் அது பலிக்காது. அதை நான் தெரிந்துகொண்டது ராணிப்பேட்டை வண்டியால்.

1980-களில் என்ஃபீல்டு கம்பெனிக்குச் சின்ன வண்டிகள் செய்ய ஆசை வந்தது. நாட்டில் சின்ன வண்டிகளின் காலம் பிறந்துவிட்டது. ஓசூரில் டி.வி.எஸ். ஐம்பது சி.சி. வண்டியைச் செய்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரர்கள் கூட்டுச் சேர வந்துகொண்டிருந்தார்கள். என்ஃபீல்டு ஜெர்மனியின் பக்கம் திரும்பிற்று. அங்கே சுண்டாப் என்று ஒரு கம்பெனி. 1917-ல், முதல் மகாயுத்தத்தின் நடுவே, நூரம்பர்க் நகரத்தில் பீரங்கிக் குண்டுகளுக்குத் திரி செய்வதற்காக ஆரம்பித்தது. சண்டை ஓய்ந்ததும் மோட்டார் சைக்கிளுக்கு மாறியது. திருவொற்றியூர் வண்டிக்குத் துப்பாக்கி வம்சம் என்றால் ராணிப்பேட்டை வண்டிக்கு வெடிகுண்டு வம்சம்! சுண்டாப்பின் மாதிரிகளை வைத்து ராணிப்பேட்டையில் தனித் தொழிற்சாலை போட்டார்கள். சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்ற குட்டி வண்டிகளும், பிறகு ஃப்யூரி என்ற கொஞ்சம் பெரிய வண்டியும் அங்கிருந்து வெளிவந்தன.

1984-ல் சுண்டாப் திவாலாயிற்று. அதன் யந்திரங்கள் சீனாவுக்கு விலைபோயின. ராணிப்பேட்டைக் குழந்தை நடக்க ஆரம்பிக்கும்போதே தகப்பன் இல்லை. தொண்ணூறுகளுக்குள் குழந்தையும் கடையை விட்டு மறைந்தது. வாங்கியவர்கள் கையில் வண்டி இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஃப்யூரியில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, சிலிண்டர். மற்ற வண்டிகளில் சிலிண்டருக்குள் இரும்புக் குழாய் இருக்கும். தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் கடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டலாம். ஃப்யூரியில் குழாயே கிடையாது. உட்சுவரில் கெட்டியான குரோமியப் பூச்சு. கடைந்தால் பூச்சுப் போயிற்று. தோல் ஊரில் குரோமியம் புதிதா என்ன? அந்த உலோகத்தின் உப்புதான் ஆட்டுத் தோலை மிருதுவாக்கிப் பூட்சாக அனுப்புகிறது. பாலாற்று ஓரத்துக் கிணறுகளைக் கெடுத்த பழியிலும் அதற்குப் பங்குண்டு. 1996-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன வழக்கு அது. தோலை மிருதுவாக்கிய அதே குரோமியம் சிலிண்டரைக் கல்லாக்கிற்று.

இரண்டாவது புதுமை முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். அந்நாளில் இந்திய மோட்டார் சைக்கிளில் அது யாரும் பார்த்திராத சங்கதி. புல்லட்டின் பிரேக் ஒரு கம்பியால் இழுபடுவது. தளர்ந்தால் திருகை இறுக்கலாம், கட்டை தேய்ந்தால் மாற்றலாம், கண்ணால் பார்க்கலாம். இதுவோ ஹாண்டில்பார் மேல் ஒரு சிறிய டப்பா, அதில் ஒரு திரவம், திரவத்தைத் தள்ள ரப்பர் வாஷர்கள். விரலுக்கும் காதுக்கும் அங்கே வேலை இல்லை. எந்தத் திரவம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது ரொம்பக் கஷ்டம்.

1992-ல் நான் வேலூரில் இருந்தபோது ஒரு ஃப்யூரியை இரண்டாம் கையாக வாங்கினேன். வாங்கிய சில மாதத்தில் ஊரிலே ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டேன். பட்டறையின் பெயர் வேண்டாம். பெரிய போர்டு, சாம்பிராணிப் புகை, நாலு பையன்கள், துடைத்துப் பளபளவென்று வண்டி திரும்பி வந்தது. பில்லில் பத்து ஐட்டம். பிரேக் 'டாப்-அப்' என்பது அவற்றில் ஒன்று. எல்லாம் செய்திருக்கிறார்களே என்று எனக்குத் திருப்தி.

மறுநாள் ஆம்பூருக்குப் புறப்பட்டேன். பள்ளிகொண்டா தாண்டியதும் வண்டி கனத்தது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. எதிர்காற்று என்று நினைத்து இன்னும் முறுக்கினேன். மாதனூருக்கு அருகே முன்சக்கரம் நின்றேவிட்டது, நான் நிற்கவில்லை. நல்லவேளை, ஓரத்தில் மணல். முழங்கை உரிந்தது. எழுந்து வந்து முன்சக்கரத் தட்டின்மேல் தண்ணீர் தெளித்தேன். தோசைக்கல் மாதிரி சுரீர் என்றது. தலைக்கு மேல் ஹெல்மெட் கிடையாது. தலைக்கு உள்ளே என்ன இருந்தது என்பதை என் விமரிசகர்கள் சொல்லட்டும்.

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது, மணலில் விழுந்ததனால். 1935-ல் அரேபியா புகழ் லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது தலையில் பட்டது. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். ஹெல்மெட் என்பதற்கு வைத்திய சாஸ்திரத்தின் ஆதரவு கிடைத்தது அப்போதுதான். வேலூருக்கும் இந்த விஷயத்தில் ஒரு சரித்திரம் உண்டு. மூளை அறுவைக்கென்று இந்தியாவில் முதல் பிரிவை டாக்டர் ஜேகப் சாண்டி 1949-ல் ஆரம்பித்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். புல்லட் இந்தியாவுக்கு வந்த அதே வருஷம்! தற்செயல்தான், ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வராமல் போகாது.

கதைக்கு வருகிறேன். ஆம்பூருக்குப் பச்சைத் தோல் ஏற்றிப் போன ஒரு லாரிக்காரர் இரங்கி, என்னையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டார். உரிந்த முழங்கையோடு உப்புப் போட்ட தோல்மேல் உட்கார்ந்து பிரயாணம் செய்வது எப்படி இருக்கும் என்று நான் வர்ணிக்க வேண்டியதில்லை. "நம்ம பாய் பார்ப்பாரு" என்று, ஊருக்குள் ஒரு வேப்ப மரத்தடியில் இறக்கிவிட்டுப் போனார் அவர். ஆம்பூரில் பாய் என்று கூப்பிட்டால் தெருவில் பத்துப் பேர் திரும்புவார்கள். இவருக்கும் எனக்குத் தெரிந்து வேறு பெயர் இல்லை. ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, மரத்தில் கட்டிய ஒரு தார்ப்பாய், அதன் கீழ் மூன்று புல்லட்டுகள். போர்டு கிடையாது.

பாய் ஸ்பானரைத் தொடவில்லை. ஹாண்டில்பார் டப்பாவைத் திறந்து ஒரு விரலை விட்டார். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார், மோந்தார். எதிர்க் கடைப் பையனிடம் இரண்டு கிளாஸ் தண்ணீர் கேட்டார். எனக்குக் குடிக்கத்தான் என்று கையை நீட்டினேன். அவர் அதில் டப்பாவிலிருந்த திரவத்தில் நாலு சொட்டு விட்டார். சொட்டு மிதந்து, வானவில் மாதிரி படர்ந்தது. இன்னொரு கிளாஸில், தம் பெட்டியிலிருந்து ஒரு தகர டின்னை எடுத்து அதிலிருந்து நாலு சொட்டு விட்டார். அது பாகு போலக் கரைந்து காணாமல் போயிற்று.

"பார்த்துக்கிட்டீங்களா சார்? இதுதான் பிரேக் ஆயில், தண்ணியிலே கரையும். அது இஞ்சின் ஆயில். யாரு சார் ஊத்தினது?"

சொன்னேன். அவர் அந்தப் பட்டறையைத் திட்டவில்லை. "நானும் ஒரு தடவை ஊத்திக் கெடுத்தவன்தான்" என்றார்.

பிரித்துக் காட்டினார். ரப்பர் வாஷர் எண்ணெயைக் குடித்து, ஊறிய பட்டாணி போல் உப்பியிருந்தது. உப்பினதால் பிரேக் பிடித்த பிடியை விடவில்லை, விடாததால் சூடு, சூட்டில் இன்னும் உப்பல். பாய் அந்தக் காலத்தில் தோல் தொழிற்சாலையில், தோலுக்கு அச்சும் மெருகும் ஏற்றும் பெரிய ஹைட்ராலிக் பிரஸ்களைப் பழுது பார்த்தவர். அங்கே திரவம் எண்ணெய்தான்; அந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகும், பிரேக் திரவம் ஆகாது. இங்கே நேர் தலைகீழ். "ரப்பருக்கு ரப்பர் ஜாதகம் வேற சார்" என்றார். அந்தப் பிரஸ்ஸில் பெற்ற ஞானத்தை நம்பி முதல் டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் ஊற்றித்தான் அவரும் கெடுத்தாராம். கெட்டதற்குக் காரணம் தெரிகிற வரையில் அந்த வண்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம்.

புது வாஷர் ஆம்பூரில் கிடைக்காது. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ ஆள் விட்டுத் தேட வேண்டும். மூன்று நாளாகும் என்றார். எனக்கு அன்றே வேலூர் திரும்ப வேண்டும். முன் பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பின் பிரேக்கோடு மெதுவாகப் போய்விடுகிறேன் என்றேன். இப்படிச் சொல்கிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ! பிரேக் போடுகிறபோது வண்டியின் பாரம் முழுக்க முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது, நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி முன்பிரேக்கினுடையது என்று பொறுமையாகச் சொன்னார். நான் மறுபடியும் வாதாடினேன். பாய் சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி உங்களுதுதான் சார், இல்லேங்கலே. பஸ் நிக்குது, ஏறுங்க."

கோபத்தோடு பஸ் ஏறினேன். மூன்று நாள் என்றவர் ஐந்து நாள் ஆக்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போனபோது, கழற்றிய பழைய வாஷர்களைத் தீப்பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூலி கேட்டார். வேலூர்ப் பட்டறை பில்லில் எழுதியிருந்த பத்து ஐட்டங்களில் நாலைந்தை அவர்கள் தொடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. செயின் அழுக்கு அப்படியே இருந்தது. பூட்டுக் கிளிப் திரும்பிப் பூட்டியிருந்தது. அந்தக் கிளிப்பின் மூடிய பக்கம், செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பாய் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். இன்றைக்கும் எந்த வண்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அந்தக் கிளிப்புக்குத்தான்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது பரிசோதிக்காதா என்று கேட்பீர்கள். மோட்டார் வண்டிகளுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1914-லேயே வந்தது. பிறகு 1939-ல் விரிவாக ஒன்று. இப்போது இருப்பது 1988-ல் இயற்றி, 1989 ஜூலையில் அமலுக்கு வந்தது. பஸ்ஸும் லாரியும் காலாகாலத்தில் எஃப்.சி.க்குப் போய் இன்ஸ்பெக்டர்முன் நின்றாக வேண்டும். சொந்த மோட்டார் சைக்கிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு தடவை ரிஜிஸ்டர் செய்தால் பதினைந்து வருஷம் செல்லும். அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஐந்தைந்து வருஷமாக நீட்டித் தருவார். நடுவில் புகைச் சான்று மட்டும் உண்டு. அது வண்டி விடும் புகையைப் பார்க்கும். வண்டி நிற்குமா என்று பார்க்காது. ஆகக்கூடி, வண்டியின் பிரேக்கையும் செயினையும் ஸ்டியரிங்கையும் பதினைந்து வருஷம் சட்டப்படி பார்க்க வேண்டியவர் யாரும் இல்லை. சர்க்கார் அந்தப் பொறுப்பை ஒரு வரிகூட எழுதாமல் வேப்ப மரத்தடியில் விட்டுவைத்திருக்கிறது.

என் ஃப்யூரிக்கும் பதினைந்து முடிந்தது. ஆபீசுக்குக் கொண்டுபோகுமுன் பாயிடம் விட்டேன். இரண்டு நாள் வைத்துக்கொண்டார். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். தலையில் ஆட்டம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி பேரிங் பார்த்தார். டயரை அங்குலம் அங்குலமாகத் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிரேக் திரவத்தை முழுக்க மாற்றினார். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற சாதி, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாதாம். சிலிண்டரில் குரோமியம் உரிய ஆரம்பித்திருந்தது. "லேத்துலே கொடுத்து இரும்புக் குழாய் இறக்கிடலாம். ஓடும். ஆனா பழைய மாதிரி இருக்காது, சூடு வாங்கும். சொல்லிட்டேன்" என்றார். இறக்கினோம். அவர் சொன்னபடியே ஓடிற்று. சொன்னபடியே சூடு வாங்கிற்று.

ஆபீசில் சேஸிஸ் நம்பரைப் பார்த்தார்கள், ஹாரனை அடித்தார்கள், மைதானத்தில் ஒரு சுற்று. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

இதற்குள் காலம் வெகு தூரம் போய்விட்டது. தமிழ்நாட்டில் 2015 ஜூலையிலிருந்து ஹெல்மெட்டை ஹைக்கோர்ட் உத்தரவின் பேரில் கண்டிப்பாக்கினார்கள். 2019-லிருந்து, நூற்றிருபத்தைந்து சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டி எதுவானாலும் சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாமல் விற்கக் கூடாது. ராணிப்பேட்டை வண்டி தனியாகச் சுமந்து திரிந்த அந்தச் சிறு டப்பா இன்று எத்தனையோ ஹாண்டில்பார்களில் உட்கார்ந்திருக்கிறது. புல்லட்டே மாறிவிட்டது, வலது காலில் இருந்த கியர் இடது காலுக்குப் போயிற்று, சிகரெட் தாளுக்கு வேலை இல்லை.

2009-ல் என் வண்டியைப் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பழைய வண்டிப் பிரியருக்குக் கொடுத்தேன். வேலூரிலேயே சாவியைக் கொடுத்திருக்கலாம். போகிற வழிதானே என்று, ஆம்பூரில் அவரைப் பாயிடம் அழைத்துப் போனேன். கிழவர் அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். சிலிண்டரின் கதையை ஒளிக்காமல் சொன்னார். வாங்குகிறவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. விலையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டேன். கடைசியில் பாய் எழுந்து போய், பிரேக் டப்பாவின் மூடியைத் துணியால் துடைத்து அவரிடம் காட்டினார். அதில் வெள்ளைப் பெயிண்டில், கோணல் மாணலாக, 'ஆயில் ஊற்றாதே' என்று எழுதியிருந்தது. பெங்களூர்க்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பாய் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்து, அதற்கு என்ன கன்னடத்தில் எழுத வேண்டும் என்று அவரையே கேட்டார்.